ஐந்து டாலருக்குப் போன போர்வை

க்வில்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஹாஸ்டலில் மார்கழி மாசம் இழுத்துப் போர்த்திக்கிற தடிமனான ரஜாய்தான் ஞாபகம் வரும். அது தப்பே இல்லை, அமைப்பு ஒன்றுதான். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று நழுவாமல் இருக்க, மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தையல் போட்டால் அது க்வில்ட். நம்ம பாஷையில் சொன்னால் மூன்று அடுக்கு காம்போசிட். குளிருக்குச் செய்த சாமான். கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்படிப்பட்ட சாமான் ஒன்று இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இரண்டையும் தைத்தவர் ஒரே ஆள், ஹாரியட் பவர்ஸ். அவர் தைத்ததில் இன்று நம் கையில் இருப்பது இந்த இரண்டு மட்டும்தான். அமெரிக்காவில் க்வில்ட் கலையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இவர் பெயர் வந்தே தீரும்.

ஹாரியட் 1837 அக்டோபர் 29 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். (கிரேக்க ஏதென்ஸ் இல்லை. அந்தப் பெயரைக் கடன் வாங்கின அமெரிக்க ஊர்.) பிறக்கும்போதே அடிமை. அதாவது, சட்டப்படி அவர் ஒரு ஆள் இல்லை, ஒருவருடைய சொத்து.

இங்கே ஒரு மெஷினைப் பற்றிச் சொல்லியாகணும். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற காட்டன் ஜின்னை ஈலை விட்னி 1793-ல் இதே ஜார்ஜியாவில் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தபோதுதான் உருவாக்கினார். தொழிற்புரட்சி என்றாலே பட்டியலில் வரும் கண்டுபிடிப்பு. ஆனா அந்தப் பட்டியலில் வராத பாதி ஒன்று இருக்கு. கொட்டை எடுக்கிற வேலை சுலபமானதும் பருத்தி கொள்ளை லாபம் தர ஆரம்பித்தது. லாபம் வந்ததும் இன்னும் நிலம், இன்னும் பருத்தி. அதைப் பறிக்க மெஷின் இல்லை, கைதான் வேணும். வேலையைக் குறைக்கும் என்று வந்த ஒரு கருவி, அடிமைகளின் எண்ணிக்கையைப் பல மடங்காக்கியது. 1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40 லட்சம் அடிமைகள். ஜார்ஜியாவில் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். அதில் ஒருவர் ஹாரியட். பின்னாளில் அவர் தன் படங்களை வெட்டியதும் அதே பருத்தித் துணியில்தான்.

18 வயதுக்குள் கல்யாணம். கணவர் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ். குறைந்தது ஒன்பது குழந்தைகள். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1865-ல் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. அப்போ ஹாரியட்டுக்கு 28 வயசு. விடுதலைன்னு சொன்னாலும் கையில் காசோ நிலமோ கொடுத்து அனுப்பவில்லை. 1870 கணக்கெடுப்பில் ஆர்ம்ஸ்டெட் பண்ணைக் கூலி என்றும், ஹாரியட் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்றும் பதிவாகியிருக்கிறது. 1880களில் இருவரும் எப்படியோ காசு சேர்த்து நாலு ஏக்கர் சொந்தமாக வாங்கிவிட்டார்கள். நேற்று வரை தானே சொத்தாக இருந்தவர் இன்று சொத்து வாங்குகிறார்! நாலு ஏக்கர்தானே என்று கடந்து போக முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான், 1885-86 வாக்கில், பைபிள் க்வில்ட் என்று இன்று அழைக்கப்படும் போர்வையைத் தைத்தார்.

அளவு சுமார் 75 அங்குலத்துக்கு 89 அங்குலம். ஒரு டபுள் காட் மேல் விரிக்கலாம். மூன்று வரிசையில் 11 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கதை. உருவங்களைத் துணியில் கத்தரித்து இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற முறை. நம்ம ஊர் டெய்லர் பேட்ச் வொர்க் என்று சொல்வாரே, அதுதான். மனுஷங்க, மிருகங்கள், நட்சத்திரங்கள், சூரியன்கள். முகத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது, வெறும் நிழல் மாதிரி வடிவம். ஆனாலும் யார் நிற்கிறார், யார் விழுகிறார், யார் பயப்படுகிறார் என்று தெரியும். கை எப்படி இருக்கு, உடம்பு எந்தப் பக்கம் சாயுது என்பதை வைத்தே எல்லாத்தையும் சொல்லிவிடுகிறார். கட்டங்கள் ஒரே அளவில் இல்லை, கோடுகள் நேராக இல்லை. முதல் தடவை போட்டோவில் பார்த்தபோது ஏதோ சின்னப் பசங்க வேலை மாதிரி இருந்தது. ஜூம் பண்ணிப் பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் போய்விட்டது.

ரெண்டு இடம் மட்டும் சொல்றேன். முதல் கட்டம் ஏதேன் தோட்டம். ஆதாம், ஏவாள், சுற்றி மிருகங்கள். அதில் பாம்புக்குக் கால் வைத்திருக்கிறார். தப்பா? இல்லை. பைபிள் கதைப்படி பாம்பு வயிற்றால் ஊர்ந்து போகணும் என்ற சாபம், அது ஏவாளை ஏமாற்றிய பிறகுதான் கிடைக்கிறது. அப்போ அதுக்கு முன்னாடி அது நடந்திருக்கணும் இல்லையா? கதையை அவ்வளவு கவனமாக யோசித்தவர்தான் இப்படி வெட்ட முடியும். இன்னொரு கட்டத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், கூடவே முப்பது வெள்ளிக்காசு. வெள்ளிக்கு எங்கே போவது? கையில் இருந்த பச்சைப் பூப்போட்ட சீட்டித் துணியில் காசுகளை வெட்டிவிட்டார். யூதாஸின் காலடியில் இருக்கிற பெரிய வட்டம் 1886-ல் வானத்தில் தெரிந்த ஒரு நட்சத்திரம் என்று அவரே விளக்கியிருக்கிறார். கதை பல நூறு வருஷப் பழசு, நட்சத்திரம் இந்த வருஷத்துது. இரண்டும் ஒரே துணியில்.

1886-ல் ஏதென்ஸில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. விளைச்சல், கைவேலை எல்லாம் வரிசையாக வைக்கிற பொருட்காட்சி. அங்கே க்வில்ட்கள் தொங்கின. பெரும்பாலான க்வில்ட்களில் சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று ஒரே வடிவம் கணக்காகத் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கணக்கிலேயே ஒரு அழகு உண்டு. ஆனால் அன்றைக்கு ஒரு மூலையில் தொங்கிய ஹாரியட்டின் போர்வை எந்தக் கணக்குக்குள்ளும் அடங்கவில்லை. அதைப் பார்த்து நின்றவர் ஜென்னி ஸ்மித். வெள்ளைக்காரப் பெண்கள் படித்த லூசி காப் இன்ஸ்டிட்யூட்டில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். பாரிஸ் வரை போய் ஓவியம் படித்தவர். அவர் தேடிப்பிடித்து ஹாரியட்டின் வீட்டுக்கே போய் விலைக்குக் கேட்டார். ஹாரியட் எந்த விலைக்கும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 21 வருஷத்துக்கு முன்னாடி வரை, வேண்டாம் என்று சொல்லவே உரிமை இல்லாதவர். அவருடைய உழைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது படித்த, வசதியான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாசலில் வந்து காசு நீட்டுகிறார். இவர் விற்பதற்கில்லை என்கிறார்.

ஆனால் அந்த வார்த்தையைக் காப்பாற்றக் காலம் விடவில்லை. பருத்தி விலை சரிந்தது, குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. ஹாரியட்டே ஜென்னிக்குச் சேதி அனுப்பினார், இப்போ விற்கிறேன் என்று. அந்த நேரம் பார்த்து ஜென்னி கையில் பணம் இல்லை. அப்புறம் 1891-ல் ஜென்னி ஆள் அனுப்பினார். ஹாரியட் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். போர்வையை ஒரு மாவு மூட்டைத் துணியில் சுற்றி, அதுக்கு மேல் ஒரு கோணிப்பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். கேட்டது 10 டாலர். ஜென்னி தன்னால் 5 டாலர்தான் முடியும் என்றார். ஹாரியட் வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசினார். காலம் இருக்கிற இருப்பில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்று அவர் சொன்னார். 5 டாலருக்கு முடிந்தது.

கொடுத்துவிட்டு உடனே கிளம்பவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது என்ன, அது யார் என்று கதை கதையாகச் சொன்னார். ஜென்னி எழுதி வைத்துக்கொண்டார். பாம்பின் கால் பற்றியும் அந்தப் பச்சை வெள்ளிக்காசு பற்றியும் நமக்குத் தெரிந்தது அந்தக் குறிப்பிலிருந்துதான். அதுக்கப்புறமும் ஹாரியட் பல தடவை ஜென்னி வீட்டுக்கு வந்திருக்கிறார், போர்வையைப் பார்ப்பதற்காக மட்டும். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிற தாய் மாதிரி. அந்த நேரங்களில் ஜென்னி அவருக்குத் துணித் துண்டுகள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஜென்னியை என்ன சொல்வது? பாதி விலைக்கு அடித்து வாங்கினார் என்று திட்டிவிட்டுப் போகலாம். அவர் எழுதிய குறிப்பில் ஹாரியட்டைப் பற்றி மேலிருந்து கீழே பார்க்கிற தொனி இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம். அதே சமயம், அந்த ஊரில் அது வெறும் போர்வை இல்லை, கலை என்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டவர், தைத்தவர் வாயாலேயே அர்த்தத்தைக் கேட்டு எழுதியவர், சாகிற வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் தைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான க்வில்ட்களைத் தைத்தவர் பெயரே தெரியாது. ரெண்டு பக்கமும் உண்மைதான். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வந்த வருஷங்கள் இன்னும் மோசம். நாலு ஏக்கர் நிலம் துண்டு துண்டாக விலை போக ஆரம்பித்தது. 1890களின் நடுவில் ஆர்ம்ஸ்டெட் பிரிந்து போய்விட்டார். ஹாரியட் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் வேலை செய்து தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டார்.

1895-ல் அட்லாண்டாவில் ஒரு பிரம்மாண்டமான பருத்தி மாநிலங்கள் சர்வதேசப் பொருட்காட்சி. ஜென்னி பைபிள் க்வில்ட்டை அங்கே வைக்க ஏற்பாடு செய்தார். அதைப் பார்த்த அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார், தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஹாரியட்டிடம் சொல்லித் தைக்க வைத்ததாகச் சொல்லப்படுகிறது. அப்படி வந்ததுதான் இரண்டாவது போர்வை, பிக்டோரியல் க்வில்ட். ஐந்து ஐந்தாக மூன்று வரிசை, 15 கட்டங்கள். 1898-ல் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்ற மதகுருவுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

எனக்கு ரெண்டில் இதுதான் ரொம்பப் பிடிச்சது. ஏன்னா பைபிள் கதைகளுக்கு நடுவில் நிஜமாக நடந்த சம்பவங்களும் இருக்கு. 1780 மே 19. அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகலில் இருட்டிய நாள். உலகம் முடியப்போகிறது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். காட்டுத் தீயின் புகைதான் சூரியனை மறைத்தது என்று இன்று மரங்களின் வளர்ச்சி வளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்து 1833 நவம்பர் 13. வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழை மாதிரி கொட்டின ராத்திரி. லியோனிட் எரிகல் பொழிவு. சுமார் 33 வருஷத்துக்கு ஒரு தடவை வரும் டெம்பல்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி. ஹாரியட்டின் கட்டத்தில் ஜனங்கள் பதறுகிறார்கள். கடவுளின் கை ஒன்று நீண்டு நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்துகிறது.

கவனிச்சீங்களா, இந்த ரெண்டுமே ஹாரியட் பிறப்பதற்கு முன்னாடி நடந்தவை. எரிகல் மழைக்கு நாலு வருஷம் கழித்துத்தான் அவர் பிறந்தார். பெரியவங்க சொல்லக் கேட்டதை மனசில் வைத்திருந்து, அறுபது வயசை நெருங்கும்போது துணியில் வெட்டுகிறார். படிக்கவோ எழுதவோ விடாமல் தடுக்கப்பட்ட ஒரு ஜனம் தன் வரலாற்றை எங்கே வைத்துக்கொள்ளும் என்று கேட்டால், அதுக்கு ஒரு பதில் இந்தக் கட்டம்.

அவர் கண்ணால் கண்டதும் இருக்கு. 1895 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர். பிரார்த்தனை செய்துகொண்டே உறைந்துபோன பெண், வாசற்கதவருகில் உறைந்துபோன இன்னொரு பெண், மாவு மூட்டையோடு உறைந்த ஆள், சாராய ஜாடியோடு உறைந்த ஆள், மூச்சே பனிக்கட்டியாகத் தொங்கும் கோவேறு கழுதை. அதை அவர் குளிர் வியாழன், பிப்ரவரி 10 என்று குறித்திருக்கிறார். நான் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கிழமை மாறிப்போயிருக்கு, குளிர் மாறவில்லை. அந்த மாசம் தென் மாநிலங்களையே பனி முடக்கிப் போட்டது நிஜம்.

அப்புறம் பெட்ஸ். கடைசி வரிசையின் நடுக் கட்டத்தில் ஒரு பெண் பன்றி. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் தன்னந்தனியாக ஓடிப்போன பன்றியாம். யாருக்கும் கட்டுப்படாத பன்றி என்று ஹாரியட்டே அதுக்கு அடைமொழி கொடுத்திருக்கிறார். இது ஊர்க்கதை மட்டும்தானா? தெற்கிலிருந்து வடக்கே 500 மைல் ஓடுவது என்றால் அடிமைகளுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்த ஆய்வாளர்கள், தப்பி ஓடியவர்களின் நினைவு இதில் இருப்பதாக வாசிக்கிறார்கள். ஹாரியட் வெளிப்படையாக அப்படி எங்கேயும் சொல்லவில்லை. நான் அந்த வாசிப்பின் பக்கம்தான். இத்தனை தேவதூதர்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் நடுவில் ஒரு பன்றிக்கு இவ்வளவு பெரிய இடத்தை யாரும் காரணமில்லாமல் கொடுக்க மாட்டார்கள்.

ஹாரியட்டின் போட்டோ ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1897 வாக்கில் எடுத்தது. நேராகப் பார்க்கிறார், சிரிக்கவில்லை. போட்டிருக்கும் ஏப்ரனில் சூரியனும் நட்சத்திரமும் மாதிரியான வடிவங்களைத் தைத்து வைத்திருக்கிறார். க்வில்ட்டில் இருப்பது போலவே.

1910 ஜனவரி 1 அன்று இறந்தார். ஏதென்ஸில் கறுப்பின மக்களுக்கான காஸ்பல் பில்க்ரிம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அந்தத் தோட்டமே கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிப்போனது. அவர் இறந்த வருஷத்தைப் புத்தகங்கள் 1911 என்றே எழுதிக்கொண்டிருந்தன. 2000களின் நடுவில் கல்லறைக் கல் புதருக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் தேதி சரியானது.

திருத்த வேண்டியிருந்தது தேதியை மட்டும் இல்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், கதைகளைச் சர்ச்சில் காதால் கேட்டே தைத்தார் என்றுதான் ரொம்ப நாளாக எல்லாரும் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எளிய மூதாட்டி கையில் அதிசயம் நிகழ்ந்தது என்று சொல்ல எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அப்புறம் 1896-ல் அவர் அயோவா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் கிடைத்தது. கைரா ஹிக்ஸ் என்ற க்வில்ட் கலைஞர் அதைத் தேடிப்பிடித்து 2009-ல் தன் புத்தகத்தில் வெளியிட்டார். அடிமையாக இருந்தபோதே எஜமானர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு எழுத்து கற்றதாகவும், பைபிளைத் தானே படித்ததாகவும் அதில் ஹாரியட் சொல்கிறார். இந்த இரண்டைத் தவிர வேறு க்வில்ட்களும் தைத்திருக்கிறார். அடிமைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுப்பது ஜார்ஜியாவில் 1829-லேயே சட்டப்படி குற்றம் ஆக்கப்பட்டது. அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான் இவர் படித்தார். பாம்பின் கால் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரியுது இல்லையா?

ஜென்னி ஸ்மித் 1946-ல் இறந்தார். அவர் உடைமைகளைப் பொறுப்பேற்றவர் வழியாகப் பைபிள் க்வில்ட் 1960களின் கடைசியில் ஸ்மித்சோனியனுக்கு அன்பளிப்பாகப் போனது. பிக்டோரியல் க்வில்ட்டை ஹாலின் மகன் மாக்சிம் கரோலிக் என்ற சேகரிப்பாளரிடம் விற்றார். அவர் அதைப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1990களின் தொடக்கத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த சில பழைய க்வில்ட்களை நகலெடுத்து விற்க ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. அதில் ஹாரியட்டின் போர்வையும் ஒன்று. நகல்கள் சீனாவில் தயாராகிக் கடைக்கு வந்தன. அமெரிக்கா முழுக்க இருந்த க்வில்ட் தைக்கும் பெண்கள் கொதித்துப் போய்ப் போராடினார்கள். வாஷிங்டன் வரைக்கும் போனார்கள்.

2021 அக்டோபரில் பாஸ்டன் அருங்காட்சியகம் அமெரிக்க க்வில்ட்களுக்காகவே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. அதற்காகப் பைபிள் க்வில்ட்டை ஸ்மித்சோனியனிலிருந்து வரவழைத்தார்கள். இரண்டு போர்வைகளும் முதல் தடவையாக ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டன. முதலாவது ஜென்னி வீட்டிலும் இரண்டாவது வடக்கிலுமாக இருந்ததால், ஹாரியட்டே அவற்றை அப்படிச் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பருத்தித் துணியின் சாயம் வெளிச்சத்தில் மங்கும். ஏற்கெனவே நிறைய மங்கிவிட்டது. அதனால் இவற்றை ரொம்ப நாள் வெளியே தொங்கவிட மாட்டார்கள், அதுவும் விளக்கைக் குறைத்து வைத்துத்தான். 2022 ஜனவரியில் கண்காட்சி முடிந்தது. பைபிள் க்வில்ட் திரும்ப வாஷிங்டனுக்குப் போனது.